யார் உட்கார்ந்த பெஞ்சு? ஓட்டல் மூடலும் ஏக்கத்தின் அரசியலும்

சென்னை கதீட்ரல் சாலையில் இருந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் 2008இல் மூடப்பட்டது. அப்போது நான் எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். மூடுவதற்கு முந்தின வருஷம் ஒரேயொரு தடவை அங்கே போயிருக்கிறேன். மொழிபெயர்ப்பாள நண்பர் ஒருவர் தன் ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போனார். மரங்களுக்கு அடியில் கார்கள் நின்றன. கார் ஜன்னலில் தட்டை மாட்டி அதில் இட்லியும் வடையும் வைத்துவிட்டுப் போனார்கள். கார் இல்லாத எங்களுக்குக் கூடத்தில் ஒரு மேசை கிடைத்தது. ஆளுக்கு ஒரு காப்பி. இரண்டரை மணி நேரம் பேசினோம். எழுந்திருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. பக்கத்து மேசையில் மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர் பையைத் திறந்து வைத்துக்கொண்டு கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கு அதுதான் ஆபீஸ் என்றார் நண்பர்.

ஓட்டல் மூடியபோது பத்திரிகைகளில் அஞ்சலிகள் வந்தன, ஆங்கிலத்தில் அதிகம், தமிழில் கொஞ்சம். நெருங்கிய உறவினர் இறந்துபோன தொனி எல்லாவற்றிலும் இருந்தது. 2010 நவம்பரில் அதே இடத்தில் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. காப்பி போய் செம்மொழி வந்தது டோய் என்று எங்கள் விடுதியில் கிண்டல் செய்தோம். பதினைந்து வருஷம் கழித்து, சமீபத்தில் ஓர் இலக்கியக் கூட்டத்தில் பழைய ஓட்டல்கள் பற்றி ஒருவர் நெகிழ்ந்து பேசினார். ஒருவர் எழுந்து, 'தோழர், அந்த ஓட்டலில் உங்க தாத்தா உக்காந்தார், எங்க தாத்தா எங்க நின்னார்னு தெரியுமா?' என்று கேட்டார். கூட்டம் அதோடு உடைந்தது. பேசியவரும் சரி, கேட்டவரும் சரி என்றுதான் எனக்குப் பட்டது. அப்படிப் படுவது எப்படிச் சாத்தியம் என்று யோசித்ததில் விளைந்தது இந்தக் கட்டுரை.

முதலில் ஏக்கம் என்ற சொல். ஆங்கிலத்தில் நாஸ்டால்ஜியா என்று சொல்கிறார்களே, அது கவிஞர்கள் கொடுத்த சொல் அல்ல. ஒரு மருத்துவ மாணவர் கொடுத்தது. 1688இல் பாசெல் நகரில் யோஹன்னஸ் ஹோஃபர் என்பவர் தன் ஆய்வேட்டில் இதை ஒரு நோயின் பெயராக உருவாக்கினார். வீடு திரும்புதல், வலி என்ற பொருள் தரும் இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்த பெயர். ஊரைவிட்டுப் பிழைக்கப் போன சுவிஸ்காரர்களுக்கு வந்த நோய் அது. ஊருக்கு அனுப்பினால் குணமாகிவிடும் என்று நம்பினார்கள். இடத்தைப் பற்றிய அந்த நோய் பிற்பாடு காலத்தைப் பற்றிய நோயாக மாறியதுதான் சிக்கல். ஊருக்கு ரயில் இருக்கிறது, 1962க்கு ரயில் கிடையாது.

லெனின்கிராடில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன ஸ்வெட்லானா பாய்ம், 2001இல் வெளிவந்த நூலில் ஏக்கத்தை இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று மீட்டெடுக்கும் ஏக்கம். போனதை அப்படியே மறுபடி கட்டியாக வேண்டும் என்று அடம்பிடிப்பது. கோயிலையும் தேசத்தையும் பழைய பெருமையையும் திரும்பக் கொண்டுவருவோம் என்று கிளம்புகிற அரசியலுக்கெல்லாம் தீனி போடுவது இதுதான். இன்னொன்று அசைபோடும் ஏக்கம். திரும்ப முடியாது என்று தெரிந்தே வலியோடு உட்கார்ந்திருப்பது. இதில் எள்ளலுக்கும் சந்தேகத்துக்கும் இடம் உண்டு. பயனுள்ள பிரிவினைதான். ஆனால் இரண்டிலுமே ஏங்குகிறவர் ஒரு காலத்தில் அந்த வீட்டுக்குள் இருந்தவர் என்று எடுத்துக்கொள்ளப்படுகிறது. வாசலில் நிறுத்தப்பட்டவருக்கு ஏக்கம் வருமா, வந்தால் அது எதற்கான ஏக்கம் என்பதற்கு இந்தப் பிரிவினையில் பதில் இல்லை.

டிரைவ்-இன் என்ற வடிவம் அமெரிக்கச் சரக்கு. 1872இல் ராட் ஐலண்டின் பிராவிடென்ஸ் நகரில் வால்டர் ஸ்காட் என்பவர் குதிரை வண்டியில் வைத்துப் பத்திரிகை ஆபீஸ் இரவுத் தொழிலாளிகளுக்குச் சாப்பாடு விற்றார். அங்கிருந்துதான் டைனர் என்ற அமெரிக்கத் தெருவோர உணவுக்கடையின் வரலாறு தொடங்குகிறது. நம்மூர்த் தள்ளுவண்டி மாதிரிதான். பின்னால் ரயில்பெட்டி போன்ற உருவத்தில் அதைத் தொழிற்சாலையில் செய்து, கொண்டுவந்து இறக்கினார்கள். கார் பெருகியபோது காரிலேயே உட்கார்ந்து சாப்பிடும் டிரைவ்-இன் வந்தது.

சான்பிரான்சிஸ்கோவில் 1947இல் தொடங்கப்பட்ட மெல்ஸ் டிரைவ்-இன் இந்த வகையில் பெயர்பெற்றது. காரணம் ஒரு சினிமா. ஜார்ஜ் லூகாஸின் 'அமெரிக்கன் கிராஃபிட்டி' 1973இல் வந்தது. 1962ஆம் வருஷக் கோடையில் ஓர் இரவு, பையன்களும் பெண்களும் கார்களில் சுற்றுகிறார்கள், மெல்ஸில் கூடுகிறார்கள். ஏக்கத் திரைப்படம் என்ற வகையே இந்தப் படத்தோடுதான் தொடங்குகிறது என்கிறார் ஃபிரெடரிக் ஜேம்சன். வரலாற்றை உணரும் திறன் வற்றிப்போன சமூகம் கடந்த காலத்தை உடை, கார், பாட்டு, விளக்கு வெளிச்சம் என்று வெறும் பாணிகளாக நுகர்கிறது என்பது அவர் வாதம். பின்நவீனத்துவம் பற்றி எழுதிய நம் நண்பர்கள் இதை நிறையவே எடுத்தாண்டிருக்கிறார்கள். ஆனால் மெல்ஸ் வாசலில் 1963இல் என்ன நடந்தது என்பது இந்த விவாதங்களில் அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை.

1963 இலையுதிர் காலத்தில் அந்த வாசலில் மறியல் நடந்தது. கறுப்பர்கள் அங்கே சாப்பிடலாம், தடையில்லை. வேலை என்று வந்தால் மட்டும் உள்கட்டு. வாடிக்கையாளர் கண்ணில் படும் வேலை, அதாவது தட்டு ஏந்தி வந்து பரிமாறும் வேலை, கொடுக்க மாட்டார்கள். இதை எதிர்த்து மாணவர்களும் சிவில் உரிமைக்காரர்களும் மறித்தார்கள், உள்ளே போய் உட்கார்ந்தார்கள், பலர் கைதானார்கள். ஓட்டலின் பங்குதாரரான ஹரால்ட் டாப்ஸ் அப்போது நகர மேயர் தேர்தலில் வேட்பாளர். அவர் தோற்றார், பிறகு உடன்பாடு ஏற்பட்டது. பத்து வருஷம் கழித்துப் படம் வருகிறது, அதே ஓட்டல், அதே விளக்குகள், ஆனால் வருஷம் 1962. மறியலுக்குச் சரியாக ஒரு வருஷம் முன்னால் கடிகாரத்தை நிறுத்தியாகிவிட்டது. லூகாஸ் திட்டமிட்டுச் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஏக்கம் எந்த வருஷத்தில் போய் நிற்க விரும்புகிறது என்பதே ஒரு பிரதி, அதை வாசிக்க வேண்டும் என்கிறேன். படம் பிடித்த கட்டிடத்தைச் சில வருஷங்களில் இடித்தார்கள். 1980களில் அதே பெயரில் புதிய கடைகள் முளைத்தன, படத்தின் நினைவையே அலங்காரமாகச் சூட்டிக்கொண்டு. அசல் செத்து, அதன் சினிமா நகல் மறுபடி கடையாகப் பிறந்தது.

இந்த 1962 ஒரு வேடிக்கையான வருஷம். நம்முடைய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் தொடங்கியதும் 1962இல்தான். யூர்கன் ஹேபர்மாஸ் பொதுவெளி பற்றிய தன் நூலை ஜெர்மனில் வெளியிட்டதும் 1962. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு லண்டன் காப்பிக் கடைகளில் பிறப்பும் பதவியும் பாராமல் மனிதர்கள் கூடி, பத்திரிகை படித்து, அரசைக் கேள்வி கேட்டார்கள், பூர்ஷ்வா பொதுவெளி அங்கே உருவானது என்றார் அவர். ஓட்டல் மூடும்போது நம் எழுத்தாளர்கள் அழுவது பெரும்பாலும் இந்த ஹேபர்மாஸ் அழுகைதான், அவர் பெயர் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும். பேச இடம் போச்சே என்ற அழுகை. 1990இல் நான்சி ஃப்ரேசர் இதை மடக்கினார். அந்தப் பொதுவெளி பெண்களையும் உழைப்பவர்களையும் வெளியே வைத்துத்தான் தன்னைப் 'பொது' என்று கட்டமைத்துக்கொண்டது. வெளியே வைக்கப்பட்டவர்கள் தங்களுக்கான எதிர்ப் பொதுவெளிகளை உண்டாக்கினார்கள். வித்தியாசத்தை உள்ளே நுழையும்போது கழற்றி வைத்துவிடலாம் என்பது ஒரு பாவனை என்றார்.

நமக்கு இதைச் சொல்ல ஃப்ரேசர் வேண்டியதில்லை, பெயர்ப்பலகை போதும். உடுப்பிப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்த கிருஷ்ண ராவ், 1938இல் ராயப்பேட்டையில் ராமநாதபுரம் ஜமீனுக்குச் சொந்தமான உட்லண்ட்ஸ் என்ற மாளிகையைக் குத்தகைக்குப் பிடித்து ஓட்டல் தொடங்கினார். பெயர் அப்படித்தான் வந்தது. மடத்துச் சமையலறைகளில் பழகிய கை, காசு கொடுத்தால் யாருக்கும் தோசை வார்க்கும் நகரத்துக் கையாக மாறியதில் நவீனத்துவத்தின் ஒரு கூறு இருக்கிறது, அதை மறுக்க முடியாது. காசு சாதியைக் கரைக்கும் என்று நம்பிய காலம் அது. ஆனால் முழுக்கக் கரையவில்லை. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்க்கும் மற்றவர்க்கும் தனித்தனி இடம் என்ற ஏற்பாட்டை எடுக்கவே 1940களின் தொடக்கம் வரை போராட வேண்டியிருந்தது. 1957 மே மாதம் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியார் மறியலைத் தொடங்கினார். நாள்தோறும் ஆட்கள் போய் நின்றார்கள், கைதானார்கள், மாதக்கணக்கில். யாரையும் உள்ளே விடமாட்டேன் என்று அந்த ஓட்டல் சொல்லிக்கொண்டிருந்த காலமல்ல அது. அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு உணவு விடுதி என்று பெயர் சொல்லியே பாகுபாட்டைத் தடைசெய்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. பிரச்சினை பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற ஒரு சொல். சாப்பிட விடுகிறாயே, சொல்லுக்கு என்னய்யா சண்டை என்று கேட்டவர்கள் உண்டு. குறி பற்றியும் அதிகாரம் பற்றியும் பிற்பாடு நாம் பக்கம் பக்கமாக எழுதியதை அந்த மறியல்காரர்கள் வெயிலில் நின்று செய்து முடித்தார்கள். 1958இல் பலகை மாறியது. 2012இல் ஸ்ரீரங்கத்தில் ஒரு ஓட்டல் பலகையில் அதே சொல் திரும்ப ஏறியது, மறுபடி போராட்டம், மறுபடி இறங்கியது. இரண்டாவது தடவை அது பாரம்பரியம் என்ற பேக்கிங்கில் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ரெட்ரோ என்பது எப்போதும் சுவரில் தொங்கும் பழைய ரேடியோவாக மட்டும் வருவதில்லை.

இவ்வளவு எழுதிவிட்டு, ஒழிந்தது சனியன் என்று முடித்திருக்கலாம். சில நண்பர்கள் அப்படித்தான் முடிக்கிறார்கள். என்னால் முடியவில்லை, காரணம் அப்பா.

எங்கள் ஊர் கீழத்தஞ்சையில். கடைத்தெருவில் ஒரு காப்பி கிளப்பு இருந்தது. எங்கள் தாத்தா பண்ணை வேலைக்காரர். அவருக்கான காப்பி கடையின் பின்பக்கம், விறகு அடுக்கியிருக்கும் இடத்தில். கூரை இறவாரத்தில் கொட்டாங்கச்சி செருகியிருக்கும். எடுத்துக் கழுவி நீட்டினால் உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். குடித்துவிட்டுக் கழுவி அங்கேயே செருக வேண்டும். இதை எனக்குத் தாத்தா சொல்லவில்லை, அவர் இதைப் பற்றி வாயே திறந்ததில்லை. அப்பா சொன்னது. (கன்னட நாட்டிலிருந்து வந்த கிருஷ்ண ராவ் நமக்கு ஓட்டல் கொடுத்தார். அதே கன்னட நாட்டிலிருந்து வந்த பி. சீனிவாசராவ் கீழத்தஞ்சைக்குச் செங்கொடி கொண்டுவந்தார். இரண்டு ராவ்களையும் சேர்த்து யாராவது ஒரு ஆய்வு செய்யலாம்.)

1979இல் அப்பாவும் விவசாயத் தொழிலாளர் சங்கத்து நண்பர்கள் மூன்று பேரும் முன்வாசல் வழியாக உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955இலேயே வந்துவிட்டது. எங்கள் கடைத்தெருவுக்கு வந்துசேர இருபத்திநான்கு வருஷம் ஆயிற்று. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. சப்ளையர் மேசையை இரண்டு தடவை துடைத்துவிட்டுத் தோசை கொண்டுவந்தார். வெளியே வந்து எதிர்க்கடையில் நின்று பார்த்தார்கள். பெஞ்சின் மேல் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றப்பட்டது. மறுநாளும் போனார்கள், மறுநாளும் தண்ணீர். எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ தண்ணீர் ஊற்றுவது நின்றது. அன்றைக்கு அப்பா ஒரு ஆணியால் பெஞ்சுக்கு அடியில் 79 என்று கீறிவைத்தார். அதன்பின் நாற்பது வருஷம், ஊரில் இருந்தால், ஞாயிறு காலை அந்தக் கடையில்தான் பலகாரம். முதலாளியின் மகன் காலத்தில் அப்பாவுக்குக் கணக்கு நோட்டு வரைக்கும் வந்துவிட்டது. 2020 மார்ச்சில் ஊரடங்குக்காக இறக்கிய ஷட்டரை அவர்கள் மறுபடி ஏற்றவில்லை. பேரனுக்கு பெங்களூரில் வேலை, கல்லில் நிற்க ஆள் கிடைக்கவில்லை, வழக்கமான காரணங்கள்தான்.

அப்பா அழுதார். எனக்குக் கோபம் வந்தது. கொட்டாங்கச்சிக் கடைதானேப்பா, போனா போவட்டுமே என்றேன். அவர் சொன்ன பதில்: 'அவன் கடைதான்டா. ஆனா நான் உக்காந்த பெஞ்சுடா அது.'

பாய்மின் இரண்டு வகைக்குள்ளும் அடங்காத ஏக்கம் இது. பழையபடி ஆகட்டும் என்று அப்பா கேட்கவில்லை, பழையபடி என்றால் அவர் விறகுக் கட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். அவர் ஏங்கியது வென்ற இடத்துக்கு. எப்போதும் உள்ளே இருந்தவருக்கு ஓட்டல் என்பது ருசி, வாசனை, டபரா. போராடி உள்ளே வந்தவருக்கு அது ஒரு சாட்சியம். கடை மூடும்போது முன்னவர் ஒரு பழக்கத்தை இழக்கிறார், பின்னவர் ஒரு ஆவணத்தை இழக்கிறார். இரண்டு அழுகையும் ஒரே சத்தத்தில் கேட்பதால் ஒன்றென்று நினைத்துக்கொள்கிறோம். கூட்டத்தில் கேள்வி கேட்ட நண்பரின் தாத்தா நின்ற இடத்துக்கும் அவர் அப்பா உட்கார்ந்த இடத்துக்கும் நடுவில் இருக்கிற அந்த ஏழெட்டு அடிதான் நம் நவீன வரலாறு. அதைப் பற்றி இரண்டு பேருமே அன்று பேசவில்லை.

அப்பாவின் பொதுவெளியிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. அம்மா அந்தக் கடைக்குள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. அவளுக்கு எப்போதும் வாழையிலைப் பார்சல்தான். அப்பா மறித்த வாசலில் அம்மாவுக்காக யாரும் மறிக்கவில்லை, அப்பா உட்பட. அதே மாதிரி, அன்போடு தண்ணீர் வைத்த பையன் என்று எழுதுகிறோமே, அந்தப் பையனுக்கு வயது என்ன? பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளை ஓட்டலிலும் டீக்கடையிலும் வேலைக்கு வைப்பது 2006 அக்டோபரில்தான் தடைசெய்யப்பட்டது. நம் ஓட்டல் நினைவோடைகளில் சாம்பாரின் மணம் பற்றி இரண்டு பக்கம் இருக்கும், பின்கட்டில் மாவாட்டியவர் எங்கே படுத்துத் தூங்கினார் என்று ஒரு வரி இருக்காது. மெல்ஸ் மறியல்காரர்கள் கேட்டதே அதைத்தான்: யார் பின்கட்டில், யார் முன்கட்டில்?

இனி, மூடுவதால் அரசியல் ரீதியாக என்ன போகிறது என்பது. வடகரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் 1960 பிப்ரவரி 1ஆம் தேதி நான்கு கறுப்பின மாணவர்கள் வுல்வொர்த் கடையின் உணவு மேடையில் போய் உட்கார்ந்தார்கள். அந்தக் கடையில் அவர்கள் பற்பசை வாங்கலாம், உட்கார்ந்து காப்பி குடிக்கக் கூடாது. ஜூலையில் கடை பணிந்தது. அந்தப் போராட்டம் சாத்தியமானதற்கு ஒரு பௌதிகக் காரணம் உண்டு. நாற்காலி என்று ஒன்று இருந்தது, மறுக்கிற ஆள் எதிரில் நின்றான். எங்கள் ஊரிலும் பெஞ்சு இருந்தது, அதனால் அதில் உட்கார முடிந்தது.

இப்போது பாகுபாடு வாசலில் நிற்பதில்லை. பல ஊர்களில் இரட்டைக் குவளையை ஒழித்தது போராட்டம் என்று சொல்ல ஆசைதான். பாதியை ஒழித்தது பிளாஸ்டிக் கப். குடித்துவிட்டு எறிகிற குவளையில் தீட்டு எங்கே ஒட்டும்? யாரும் மனம் மாறாமலே பிரச்சினை கண்ணிலிருந்து மறைந்தது. 2019இல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கப்புக்குத் தடை வந்தபோது சில ஊர்களில் மறுபடி எந்தக் குவளை என்ற கேள்வி எழுந்திருக்கும், அதை யாராவது போய்ப் பார்த்து எழுத வேண்டும். 2024 மார்ச்சில் ஸொமாட்டோ சைவ உணவுக்கென்று தனிப் பணியாளர்கள், தனிச் சீருடை என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் ஒரே நாளில் சீருடை வேறுபாட்டை மட்டும் கைவிட்டார்கள். பலகையில் இருந்த சொல்லை எடுக்க 1957இல் மாதக்கணக்கில் நிற்க வேண்டியிருந்தது. நின்றார்கள், ஊர் பார்த்தது. செல்பேசித் திரையில் பிரிக்கிற இந்தப் பிரிவினைக்கு எதிரே எங்கே போய் நிற்பது? மால்களின் சாப்பாட்டுத் தளத்தில் உன்னை யாரும் எழுந்திரு என்று சொல்வதில்லை, விலைப்பட்டியல் சொல்லிவிடுகிறது.

டிரைவ்-இன் விஷயத்தையும் இப்படித்தான் பார்க்கிறேன். அது தோட்டக்கலைச் சங்கத்தின் பிடியில் இருந்த நிலம். சங்கத்துக்கும் அரசுக்கும் நீண்ட வழக்கு. கடைசியில் நிலம் அரசிடம் வந்தது, பூங்கா ஆயிற்று. தனியார் கையிலிருந்து பொதுக் கைக்கு வந்ததை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் எங்களை இரண்டரை மணி நேரம் உட்காரவிட்ட அந்த மேசை சும்மா கிடைத்த சலுகை இல்லை. கார்க்காரர்களுக்காகக் கட்டிய இடத்தை மருந்து விற்பவர்களும் குமாஸ்தாக்களும் வேலை தேடும் பையன்களும் ஒரு காப்பிக்கு ஒரு மேசை என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டது அது. அஞ்சலிக் கட்டுரைகள் மரங்களையும் கார்களையும் பாடின. மேசையைப் பிடித்தவர்கள் தங்கள் பையைத் தூக்கிக்கொண்டு எங்கே போனார்கள் என்று எவரும் பின்தொடர்ந்து எழுதியதாக நான் படிக்கவில்லை.

கிரீன்ஸ்பரோ கடை 1993இல் மூடப்பட்டது. உணவு மேடையின் ஒரு பகுதியை வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். 2010இல் அந்தக் கட்டிடமே சிவில் உரிமை அருங்காட்சியகம் ஆனது.

எங்கள் ஊர்க் கடையின் சாமான்களை 2021இல் விற்றார்கள். அப்பா பெஞ்சைக் கேட்கப் போனபோது அதற்கு முந்தின வாரமே பழம்பொருள் வியாபாரி ஒருவர் மொத்தமாக ஏற்றிக்கொண்டு போயிருந்தார். பழைய மாடலில் புது ஓட்டல் கட்டுகிறவர்கள் இந்த மாதிரி பெஞ்சுக்கு நல்ல விலை கொடுக்கிறார்களாம். போன வருஷம் அப்பா சென்னைக்கு வந்திருந்தார். அண்ணா நகர்ப் பக்கம் அந்த மாதிரி ஓர் ஓட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பித்தளை டபரா, சுவரில் மர்பி ரேடியோ, தேக்குப் பெஞ்சு. உட்கார்ந்ததும் அவர் கை பெஞ்சுக்கு அடியில் போய்த் தடவியது. என்னப்பா தேடறீங்க என்றேன். ஒண்ணுமில்ல, நீ ரவா தோசை சொல்லு என்றார். சாப்பிட்டு முடித்தபின் எழுந்து, யாரும் இல்லாத அடுத்த பெஞ்சுக்குப் போனார்.